மத்தளத்தை வைத்து முதுமாணி ஆய்வு: எங்கிருந்து தொடங்குவது?

#1 ஆரையூரான்

எல்லோருக்கும் வணக்கம். ஆரையம்பதியில் இருந்து எழுதுகிறேன். இசைத் தொழில்நுட்பத்தில் முதுமாணி (மாஸ்டர்ஸ்) படிக்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், வகுப்பெல்லாம் இணையவழி. ஒலிப்பதிவு, ஒலியைக் கணினியில் பகுத்துப் பார்ப்பது என்ற இரண்டு பாடங்களும் நன்றாகத்தான் போயின. "ஆய்வு முறையியல்" வந்ததும் நின்றுவிட்டேன்.

நான் எழுதிக்கொடுத்த தலைப்பு "மட்டக்களப்புக் கூத்து இசையும் நவீன தொழில்நுட்பமும்". மேற்பார்வையாளர் ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்: "இதில் கேள்வி எங்கே?" இரண்டு வாரமாக அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கையில் இருப்பது இவ்வளவுதான். போன வருடம் படுவான்கரையில் (வாவிக்கு மேற்குப் பக்கம்) ஒரு வடமோடிக் கூத்தை விடிய விடியப் போனில் பதிவு செய்தேன். (வடமோடி, தென்மோடி என்பவை எங்கள் கூத்தின் இரண்டு பாணிகள்.) கூட்டாளிமார் வட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டுகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே போல்டரில் போட்டேன். இப்போது எது எந்த இரவு, எது எந்தப் பாத்திரத்தின் வரவு (முதலில் நுழைந்து ஆடும் இடம்) என்று எனக்கே தெரியவில்லை. நாற்பது ஆய்வுக் கட்டுரை இறக்கி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு படித்தேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

சின்ன வயதில் இருந்து களரியை, கூத்து ஆடும் அந்தக் களத்தை, சுற்றி வளர்ந்தவன் நான். இந்த இசையைப் பற்றி உருப்படியாக ஒன்று செய்ய வேண்டும் என்றுதான் இந்தப் படிப்புக்கே போனேன். அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

#2 வாவிக்கரை

தம்பி, முதலில் ஒன்று. உங்கள் மேற்பார்வையாளர் எழுதிய அந்த ஒரு வரி நல்ல வரி. எனக்கு அதை யாரும் சொல்லாததால் கலாநிதிப் படிப்பின் முதல் வருடம் முழுக்க வீணாய்ப் போனது.

நீங்கள் எழுதியது ஒரு நிலப்பரப்பு. அதற்குள் நடக்கலாம், ஆனால் எங்கே போய்ச் சேர்ந்தோம் என்று சொல்ல முடியாது. கேள்வி என்றால் அதற்கு விடை வர வேண்டும், அந்த விடை பிழையாகப் போகவும் இடம் இருக்க வேண்டும். நான் இப்போது என் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: தரவு எடுக்கப் போகுமுன் ஒரு தாளில் வெறும் வரைபடம் ஒன்றைக் கீறுங்கள். கீழ் அச்சில் என்ன, பக்க அச்சில் என்ன என்று எழுதுங்கள். கோடு ஏறினால் என்ன அர்த்தம், இறங்கினால் என்ன அர்த்தம், நேராகக் கிடந்தால் என்ன அர்த்தம் என்று மூன்று வசனம் எழுதுங்கள். அச்சுக்குப் பெயர் வைக்க முடியவில்லையென்றால் கேள்வி இன்னும் பிறக்கவில்லை. "நவீன தொழில்நுட்பம்" என்று எந்த அச்சில் எழுதுவீர்கள்?

கட்டுரை வாசிப்பதைப் பற்றி. முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை நாவல் மாதிரி வாசித்தால் மனதில் நிற்காது. சுருக்கத்தை வாசித்துவிட்டு நேரே படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் போங்கள். அப்புறம் முடிவுரை. அந்த அளவிலேயே "இது எனக்கு வேண்டாம்" என்று பாதிக்கு மேல் கழன்றுவிடும். மிஞ்சுவதில்தான் முறையியல் பகுதியைப் பேனாவும் கையுமாக வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி, உங்கள் சொந்தத் தமிழில்: என்ன கேட்டார்கள், எதை வைத்துப் பார்த்தார்கள், என்ன கண்டார்கள், எனக்கு எங்கே உறுத்துகிறது. நாலாவது வரிதான் முக்கியம். என் ஆய்வே அப்படி எழுதிய ஒரு நாலாவது வரியில் இருந்துதான் வந்தது.

அப்புறம், புதிய கட்டுரையில் இருந்து பின்னோக்கி நடந்து பாருங்கள். தோல் வாத்தியங்களின் ஒலியைப் பற்றி எதை எடுத்தாலும் அடிக்குறிப்பைப் பிடித்துப் பின்னால் போனால் சி. வி. இராமனில் போய் நிற்பீர்கள். சாதாரணமாக இழுத்துக் கட்டிய வட்டத் தோலில் மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு கூடவே ஒலிப்பவை) அடிப்படைச் சுரத்தின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒட்டாமல் விழும். மிருதங்கத்தில் கரணை (நடுவில் பூசும் கறுப்புப் பசை) பூசிய தலையில் அவை 2, 3 என்று முழு மடங்குகளுக்கு அருகே வந்துவிடுகின்றன. இதை அவர் சிவகாளி குமாரோடு சேர்ந்து 1920இல் "நேச்சர்" இதழில் எழுதினார், 1934இல் விரித்து எழுதினார். வாசித்துப் பாருங்கள். பெரிய கருவி எதுவும் இல்லாத காலம். தோலின் மேல் மணலைத் தூவி, அது எங்கே ஒதுங்குகிறது என்று பார்க்கிறார். ஒரு கேள்வியை எவ்வளவு கூர்மையாகக் கேட்கலாம் என்பதை நான் அதில்தான் படித்தேன்.

#3 ஆரையூரான்

நன்றி அக்கா. தாளை எடுத்துக் கீறிப் பார்த்தேன். முதல் இரண்டு மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை. பிறகு இப்படி எழுதினேன்: "வடமோடிக்கும் தென்மோடிக்கும் மத்தள வேகம் வேறுபடுகிறதா?" கீழ் அச்சில் நேரம், பக்க அச்சில் நிமிடத்துக்கு எத்தனை அடி.

திட்டம்: இரண்டு மோடிக்கும் ஒவ்வொரு அண்ணாவியாரை (கூத்தைப் பழக்கி மத்தளம் அடிப்பவர்) வீட்டுக்கு அழைத்து, சத்தமில்லாத அறையில் மத்தளத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்வது. அடி விழும் இடங்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கிறது, அதில் கொடுத்தால் ஒரு ஆளுக்கு மூவாயிரம் அடியாவது கிடைக்கும். ஆறாயிரம் தரவுப் புள்ளி. போதும்தானே?

#4 அக்கரைக் கணக்கு

அக்கரைப்பற்றில் கணக்குப் படிப்பிக்கிறேன். சங்கீதம் தெரியாது. ஆனால் அந்த "ஆறாயிரம்" என்ற சொல்லைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தம்பி, உங்களிடம் இருப்பது ஆறாயிரம் அல்ல, இரண்டு. இரண்டு மனிதர்கள். ஒருவர் அடித்த மூவாயிரம் அடியும் அந்த ஒருவரின் கையில் இருந்து வந்தவை. அவருக்கு அன்றைக்குத் தோள் வலி என்றால் மூவாயிரத்திலும் அந்த வலி இருக்கும். வேறுபாடு தெரிந்தால் அது வடமோடிக்கும் தென்மோடிக்கும் இடையிலா, அல்லது எழுபது வயதுக்காரருக்கும் நாற்பது வயதுக்காரருக்கும் இடையிலா? உங்கள் திட்டத்தை வைத்து அதைப் பிரிக்கவே முடியாது. ஒரு தென்னையில் இருந்து நூறு தேங்காய் பறித்து நிறுத்துவிட்டு "அம்பாறை மாவட்டத் தேங்காயின் நிறை இது" என்று சொல்லலாமா?

இதனால் ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆட்கள் குறைவென்றால் ஒரே ஆளுக்குள் ஒப்பிடுங்கள். அதே அண்ணாவியார், அதே மத்தளம், இரண்டு நிலைமை. அப்படிச் செய்தால் தோள் வலியும் வயதும் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும், நீங்கள் மாற்றிய ஒன்று மட்டும் வேறுபடும். ஒரு முதுமாணிக்கு நாலைந்து பேர் இப்படிக் கிடைத்தால் நேர்மையான வேலை செய்யலாம். "எல்லாக் கூத்துக்கும் இதுதான்" என்று மட்டும் முடிவில் எழுதிவிடாதீர்கள்.

#5 சல்லரி

நான் அண்ணாவியார் வீட்டுப் பிள்ளை. ஆற்றுக்கு அந்தப் பக்கம். பெயர் வேண்டாம்.

வீட்டு அறையில் மத்தளத்தைத் தனியாகப் பதிவது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை இன்றைக்குப் பின்னேரம் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். பிறகு கேட்டார்: "ஆட்டக்காரன் இல்லாம நான் யாருக்கு அடிக்கிற?"

அவர் சொன்னதை விளக்குகிறேன். வரவில் ஆட்டக்காரன் களரிக்குள் வந்ததும் அப்பாவின் கண் அவன் காலில்தான் இருக்கும். அவன் புதுப் பெடியன் என்றால் கொஞ்சம் பிடித்து அடிப்பார். பழக்கப்பட்டவன், சதங்கை கட்டிய காலை நன்றாக எறிந்து ஆடுகிறான் என்றால் ஏற்றிக்கொண்டு போவார். ஆட்டக்காரன் களைத்தால் அப்பாவுக்குச் சதங்கைச் சத்தத்திலேயே தெரியும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு போவதுதான் அந்த வேகம். அறைக்குள் இருத்தி அடிக்கச் சொன்னால் அவர் அடிப்பார், நீங்கள் அளப்பீர்கள். அது கூத்து மத்தளம் ஆகாது.

அந்தக் கணக்கு சேர் சொன்ன "இரண்டு நிலைமை" இங்கேயே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஆட்டக்காரன் இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது ஒன்று.

#6 வாவிக்கரை

சல்லரி, உங்கள் அப்பா கேட்டதுதான் இந்த ஆய்வின் கேள்வி. நான் நாலு பந்தி எழுதினேன், அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். ஆரையூரான், உங்கள் முதல் பக்கத்தில் அந்த வரி அவருடைய அனுமதியோடு வர வேண்டும். அது வந்த இடத்தையும் எழுத வேண்டும். புத்தகத்தில் இருந்து எடுத்தால் மேற்கோள் காட்டுகிறோம், அண்ணாவியார் வாயில் இருந்து எடுத்தால் "கள ஆய்வில் தெரியவந்தது" என்று எழுதிவிட்டுப் போகிறோம். அது சரியில்லை.

இனி அந்த மென்பொருள் விஷயம். கண்ணை மூடிக்கொண்டு அதில் போடாதீர்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன், கையால் போட்டுப் பாருங்கள்.

மென்பொருள் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் பார்க்கிறது. செக்கனுக்கு 44,100 மாதிரி (ஒலியை அளந்து எடுத்த புள்ளி) என்ற வீதத்தில் 4096 மாதிரி கொண்ட துண்டு எடுத்தால் அதன் நீளம் ஏறக்குறைய 93 மில்லிசெக்கன். வேகம் ஏறிய இடத்தில் நிமிடத்துக்கு 180 தட்டு, ஒரு தட்டுக்கு நாலு அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்கனுக்குப் பன்னிரண்டு அடி, இரண்டு அடிக்கு நடுவே 83 மில்லிசெக்கன். ஆக ஒரே துண்டுக்குள் இரண்டு அடி விழுந்துவிடுகிறது. கணினிக்கு அது ஒரே புகை. துண்டை 1024க்குக் குறைத்தால் 23 மில்லிசெக்கன், அடிகள் பிரிந்து தெரியும். ஆனால் சுருதியைப் பார்க்கும் கூர்மை போய்விடும், 43 ஹேர்ட்ஸ் படிகளாகத்தான் தெரியும். எது வேண்டும் என்று தீர்மானிப்பது உங்கள் கேள்வி. மென்பொருளில் முதலே போட்டு வைத்திருக்கும் எண்ணை அப்படியே விட்டால், யாரோ வேறு இசைக்குத் தீர்மானித்ததை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள்.

இன்னொன்று. இந்த மென்பொருள்களின் துல்லியத்தைக் கட்டுரைகளில் சொல்லும்போது, கணினி காட்டிய இடம் உண்மையான இடத்துக்கு முன்பின் 50 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் சரி என்று கொள்வது வழக்கம். நமது அடிகளுக்கு நடுவில் இருப்பதே 83. முன்னால் 50, பின்னால் 50 என்றால் பக்கத்து அடிக்குப் போக வேண்டியதும் இதற்கே சரி என்று விழக்கூடும். ஒரு கட்டுரையில் பெரிய சதவீதம் ஒன்றைக் கண்டால் அது எந்த இசையில், எந்த அளவுகோலில் என்று கேட்கப் பழகுங்கள். எனக்கு ஆய்வுத் திறன் என்றால் பெரும்பகுதி இந்தக் கேட்கிற பழக்கம்தான்.

ஆகவே முதலில் ஒரேயொரு வரவை எடுத்து, சொனிக் விஷுவலைசர் என்ற, ஒலியைப் படமாகக் காட்டும் மென்பொருளில் போட்டு, ஒவ்வொரு அடியையும் கையால் குறியுங்கள். ஐந்து நாள் கழித்துப் பழையதைப் பார்க்காமல் மறுபடி குறியுங்கள். பிறகு மத்தளம் தெரிந்த இன்னொருவரைக் குறிக்கச் சொல்லுங்கள். உங்களோடு நீங்களே ஒத்துப்போகாத இடங்களில் கணினியிடம் என்ன எதிர்பார்க்கலாம்?

#7 பழைய கசெட்

காரைதீவு. முப்பது வருடமாக ஒலிபெருக்கி, ரேடியோ, கசெட் என்று இதே வேலை. படிப்புப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, பதிவு பற்றிச் சொல்கிறேன்.

ஆரையூரான், போனில் எடுத்ததை அளவெடுக்கப் பாவிக்க வேண்டாம். போன் தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். அண்ணாவியார் மெல்ல அடிக்கும் இடத்தில் போன் தூக்கிக் கொடுக்கும், ஓங்கி அடிக்கும் இடத்தில் அமத்திவிடும். நீங்கள் "அவர் ஒரே அளவாக அடிக்கிறார்" என்று எழுதுவீர்கள், அது போனின் வேலையாக இருக்கும். வட்ஸ்அப்பில் வந்தவை இன்னும் சுருங்கியவை. கேட்டு ரசிக்கலாம், ஆட்டத்தின் ஒழுங்கைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஒரு சின்ன ரெக்கோடர் இரவல் வாங்குங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், சுருக்காத பைல். தானியங்கிச் சத்தக் கட்டுப்பாட்டை நிறுத்துங்கள். சத்த அளவை அண்ணாவியார் ஆக ஓங்கி அடிக்கும் அடிக்கு வையுங்கள், ஒத்திகை அடிக்கு அல்ல. ஒத்திகையில் எவரும் முழுக்கையோடு அடிக்க மாட்டார்கள். பதிவைத் தொடங்கியதும் வாயைத் திறந்து சொல்லுங்கள்: இன்ன திகதி, இன்ன ஊர், இன்ன கூத்து, யார் வரவு, மைக் எவ்வளவு தூரம். அந்தக் குரல் ஒலியோடேயே இருக்கும். பைல் பெயர் மாறும், கொப்பி தொலையும், குரல் போகாது.

பழைய கசெட்டுகளை ஆய்வுக்கு எடுக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. கசெட் ஓடும் வேகம் மெசினுக்கு மெசின் கொஞ்சம் மாறும். நூற்றுக்கு மூன்று வேகம் கூடினால் சுருதி 51 சென்ற் ஏறிவிடும், அதாவது அரைச்சுரத்தில் பாதி. மத்தள வேகமும் அதே மூன்று வீதம் ஏறும். அதை யாருடைய கலை என்று எழுதப் போகிறீர்கள்? மெயின் கரண்டில் பதிந்த கசெட்டில் பின்னால் மெல்லிய உறுமல் ஒன்று கேட்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். உறுமல் 51.5இல் இருந்தால் மூன்று வீதம் வேகமாக ஓடுகிறது என்று கண்டு திருத்தலாம். கவனம், நீங்கள் இப்போது ஓட்டும் மெசினும் தன் பங்குக்கு 50இல் ஒரு உறுமல் போடும், அதைப் பிடித்துவிட்டால் திருத்தம் பிழைத்துவிடும். ஜெனரேற்றரில் பதிந்ததென்றால் 50 என்ற நம்பிக்கையே இல்லை. பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில், பற்றரியில் ஓடிய ரெக்கோடரில் பதிந்ததென்றால் உறுமலே இருக்காது. ஆகவே அந்த இரவில் வெளிச்சம் எது என்று வீட்டாரிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஆய்வுக்கு அதுவும் தரவு.

என்னிடம் இருந்த கசெட்டுகளைப் பற்றி எழுத மனம் வரவில்லை. 78 சூறாவளியில் அப்பாவின் கூத்துக் கொப்பிகள் போயின. 2004 டிசம்பர் 26இல் என் கசெட் பெட்டி இரண்டும் கடலோடு போயின. அதில் மூன்று இரவுக் கூத்து முழுதாக இருந்தது. அடித்தவர்களும் இப்போது இல்லை. அதனால்தான் சொல்கிறேன், மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்றாவது கடலில் இருந்து தூரமாக இருக்கட்டும்.

#8 ஆரையூரான்

ஐயா, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய்விட்டேன். எங்கள் வீட்டிலும் அந்த நாளில் போனவை உண்டு.

இன்றைக்கே மூன்று பிரதி எடுத்துவிட்டேன். ஒன்று கண்டியில் அக்கா வீட்டுக்குப் போகிறது.

#9 நூல்தேடி

மட்டக்களப்பு நகரில் நூலகம் ஒன்றில் வேலை. தேடுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதைத்தான் ஆட்கள் அவசரமாகச் செய்கிறார்கள்.

கூகுள் ஸ்கொலரில் ஆங்கிலத்தில் தேடிவிட்டு "கூத்து இசையில் ஆய்வே இல்லை, நான்தான் முதலாள்" என்று முன்மொழிவில் எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகளை வருடாவருடம் பார்க்கிறேன். "கூத்து" என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் மூன்று நாலு விதமாக எழுதுகிறார்கள், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். அதைவிட, இந்தத் துறையின் பாதி எழுத்துத் தமிழில் இருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்கு எடுத்த காலத்தில் இருந்தே விவாதங்கள் இருக்கின்றன. சி. மௌனகுருவின் "மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்" இல்லாமல் இந்தத் தலைப்பில் இலக்கிய மீளாய்வு எழுதவே முடியாது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து மலர்கள், சஞ்சிகைகள், பாடசாலை ஆண்டிதழ்கள் எண்ணிமமாக்கிக் கிடக்கின்றன. கோயில் கும்பாபிஷேக மலரில் ஒரு அண்ணாவியாரின் வரலாறு இரண்டு பக்கத்தில் கிடக்கும். அதை ஸ்கொலர் காட்டாது.

மூலத்தைப் போய்ப் பார்ப்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், நம்ம ஊர்க் கதையே. பாடும் மீன். கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமி இரவில் மீன் பாடுகிறது என்று எல்லோரும் எழுதுகிறோம், ஒருவரைப் பார்த்து மற்றவர். ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் இங்கே வந்து வள்ளத்தில் போய்க் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். 1859இல் வந்த அவருடைய நூலில் அது இருக்கிறது. நனைந்த விரலால் கண்ணாடிக் கிண்ண விளிம்பைத் தேய்த்தால் வருகிற மாதிரி மெல்லிய ஒலி, ஒரே சுரமல்ல, பல சின்ன ஒலிகள் என்று விவரிக்கிறார். ஆனால் மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனை அல்ல. அவர்கள் சொன்னது ஊரி, சிப்பி இனம். அழும் ஊரி என்று பொருள்படும் பெயரைக்கூட அவர் தன் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருக்கிறார்.

மீனா ஊரியா என்று நான் இங்கே தீர்க்க வரவில்லை. ஆனால் மூலத்தைத் திறந்தவருக்கு மட்டும்தான் அங்கே ஒரு கேள்வி இருப்பது தெரியும். நீரொலி மைக் ஒன்றோடு வாவியில் இறங்க யாராவது முதுமாணி மாணவர் தயாரென்றால் சொல்லுங்கள், புத்தகம் எல்லாம் நான் எடுத்துத் தருகிறேன்.

மேற்கோள்களைச் சேர்த்து வைக்கச் சொட்டேரோ என்ற மென்பொருளைப் பாவியுங்கள். இலவசம், தமிழ் எழுத்தும் நன்றாகவே போகும். முதல் கட்டுரையில் இருந்தே தொடங்குங்கள். கடைசி மாதத்தில் உட்கார்ந்து சேர்க்கப் போனால் பக்க எண் ஒன்றும் கிடைக்காது.

#10 பழைய கசெட்

நூல்தேடி சொன்னதற்கு ஒட்டி ஒன்று. எங்கள் ஊர்ப் பிள்ளை விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்தவர், தமிழும் படித்தவர். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் இருக்கும் வரிகளைச் சான்றாக எடுத்து, அலகுகளுக்கு (சுரங்களுக்கு இடையிலான சின்ன அளவு) கணக்குப் போட்டு, மறைந்துபோன யாழ் எப்படி இருந்திருக்கும் என்று பதினான்கு வருடம் தேடினார். அதைப் பற்றி அவர் எழுதிய யாழ் நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. ஜூலையில் அவர் போய்விட்டார். பாட்டு வரி, கணக்கு, கருவி என்று மூன்றையும் ஒரு மேசையில் வைத்து வேலை செய்தவர் நமக்கு இருக்கிறார். இசைத் தொழில்நுட்பம் என்றால் வெளியில் இருந்து வந்தது என்று பிள்ளைகள் நினைக்கக்கூடாது. கல்லடி உப்போடையில் அவருடைய சமாதியைக் கடந்துதானே தினமும் போகிறோம்.

#11 வாவிக்கரை

எல்லாம் நல்ல திசையில் போகிறது. ஒரு விஷயம் மட்டும் இப்போதே பேசிவிட வேண்டும். பதிவுகளையும் குறிப்புகளையும் ஆய்வு முடிந்ததும் பொதுவில் வையுங்கள், ஆரையூரான். கர்நாடக இசைக்கு அப்படிப் பொதுத் தரவுத் தொகுப்பு வந்த பிறகுதான் உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் அதில் வேலை செய்தார்கள். பார்சிலோனாவில் நடந்த கொம்ப்மியூசிக் திட்டம் அதற்குச் சாட்சி. கூத்துக்கு அப்படி ஒன்று வந்தால் கணினி கூத்து மத்தளத்தையும் கேட்கக் கற்றுக்கொள்ளும். வராவிட்டால் நம் இசை அந்த உலகத்திலேயே இருக்காது.

#12 சல்லரி

அக்கா, இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. மன்னிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்து பதிந்துகொண்டு போனவர்களை எண்ணினால் என் இரண்டு கை விரலும் போதாது. ஒருவராவது ஒரு பிரதி கொண்டுவந்து தரவில்லை. ஒருமுறை பதிந்தது எங்கோ ஒரு விளம்பரத்தின் பின்னால் ஓடுவதாக ஒருவர் சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரியும். அவர் சண்டை பிடிக்கவில்லை. இரண்டு வருடம் எவருக்கும் பதிவு கொடுக்காமல் இருந்தார், அவ்வளவுதான். அதோடு, கோயில் சடங்கில் அடிக்கிற அடி வேறு. அதை அவர் பதியவே விடமாட்டார், நானும் கேட்க மாட்டேன்.

"பொதுவில்" என்றால் யாருக்குப் பொது? அதை அப்பாவுக்குத் தமிழில் விளங்கப்படுத்திவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் நாலு பக்கப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் அது சம்மதமா?

#13 வாவிக்கரை

நீங்கள் சொல்வது சரி. நான் ஆய்வாளர் பக்கத்தில் இருந்து மட்டும் பார்த்துவிட்டேன். ஆனாலும் பொதுத் தரவு வேண்டும் என்ற என் எண்ணம் மாறவில்லை. ஒரு நடுவழி சொல்கிறேன், வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லுங்கள். அடிகள் விழுந்த நேரங்களை, அதாவது எண்களை மட்டும் பொதுவில் வைக்கலாம். ஒலி அண்ணாவியாரிடமும் பல்கலைக்கழகத்திடமும் இருக்கட்டும். வேறு யாருக்கும் வேண்டுமென்றால் அவரிடம் கேட்டுத்தான். சம்மதத்தை வாய்மொழியாகத் தமிழிலேயே பதியலாம். பல பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுக்கள் அதை ஏற்கின்றன. எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு. இடையில் மனம் மாறினால் விலகலாம் என்பதையும் சொல்லி.

#14 சல்லரி

எண்கள் மட்டும் என்பதை அப்பாவிடம் சொல்லிப் பார்க்கிறேன். நான் அவருக்காக முடிவெடுக்க முடியாது.

#15 அக்கரைக் கணக்கு

இந்தக் கேள்விக்கும் விடை வரட்டும், ஆனால் அதற்கிடையில் ஆரையூரான் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். ஒரு முன்னோட்டம் செய்யலாம். ஒரே பாத்திரம், ஒரே வரவு, ஒரு ஒத்திகை. முழு ஆய்வும் பிழைக்கப் போகிற இடம் அங்கேயே தெரியும், விலையும் குறைவு. முறையைத் தேர்ந்த பிறகு விடையைப் பார்த்து முறையை மாற்றாதீர்கள். எதை எப்படிக் கணக்கிடப் போகிறேன் என்று முன்னாலேயே திகதி போட்டு எழுதி மேற்பார்வையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

#16 ஆரையூரான்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

புதிய கேள்வி: "வடமோடிக் கூத்தின் ஒரு வரவில், ஆட்டக்காரர் களரியில் ஆடும்போதும் ஆட்டக்காரர் இல்லாதபோதும், அதே அண்ணாவியார் அடிக்கும் மத்தளத்தின் வேகம் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை எப்படி ஏறுகிறது?" மேற்பார்வையாளர் மறுநாளே ஏற்றுக்கொண்டார். அண்ணாவியாரின் வரி முதல் பக்கத்தில் இருக்கிறது, சல்லரி கேட்டு அனுமதி வாங்கித் தந்தார்.

என் பழைய போன் பதிவில் ஒரு வரவை எடுத்துக் கையால் குறித்துப் பழகினேன். ஒன்றரை நிமிடத் துண்டுக்கு ஒரு பின்னேரமும் இரவும் போய்விட்டது. ஐந்து நாள் கழித்து மறுபடி குறித்தேன். தனி அடிகள் ஒட்டிக்கொண்டன. இரண்டு கையும் அடுத்தடுத்து விழும் இடங்களில்தான் பிழைத்தது. முதல் முறை இடக்கை அடியை நான் எண்ணவே இல்லை. இரண்டாம் முறை எண்ணியிருக்கிறேன். கேட்டுக் கேட்டுப் பார்த்தபோது என் பிரச்சினை காதில் இல்லை என்று விளங்கியது. "அடி" என்றால் என்ன என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அதை எழுதிய பிறகு மூன்றாம் முறை குறிக்கும்போது தடுமாறவில்லை.

மென்பொருளுக்கும் அதே துண்டைக் கொடுத்துப் பார்த்தேன். சதங்கைச் சத்தத்தை எல்லாம் மத்தள அடி என்று குறித்து வைத்திருந்தது. முதலில் எரிச்சல் வந்தது. பிறகு யோசித்தேன்: அண்ணாவியார் கேட்பதும் அந்தச் சதங்கையைத்தானே. அதையும் தனியாகக் குறித்தால், யார் யாரை இழுக்கிறார்கள் என்று பார்க்கலாம் போல இருக்கிறது. இது இந்த ஆய்வுக்குள் அடங்குமா, அல்லது நான் மறுபடியும் பரப்பிக்கொண்டு போகிறேனா?

#17 வாவிக்கரை

இந்த ஆய்வுக்குள் வேண்டாம். தனிக் கொப்பியில் திகதி போட்டு எழுதி வையுங்கள். அது உங்கள் அடுத்த ஆய்வு. ஆனால் பதியும்போது ஆட்டக்காரரின் காலுக்குக் கிட்டவும் ஒரு மைக் வையுங்கள். பிறகு அந்த இரவு திரும்பி வராது.

#18 பழைய கசெட்

இரண்டாவது மைக் என்னிடம் இருக்கிறது. நிலத்தில் வைத்தால் மிதிபடும், தடியில் கட்டித் தாழ்வாக நிறுத்துவோம். பற்றரி புதிது வாங்குங்கள், மிச்சத்தை நான் கொண்டு வருகிறேன். காசு வேண்டாம், ஒரு பிரதி மட்டும் தாருங்கள்.

#19 சல்லரி

அப்பாவிடம் பேசினேன். எண்களைக் கொடுக்கலாம் என்கிறார். ஒலியைப் பற்றி, ஆரையூரான் நேரே வந்து கேட்கட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். வரும்போது போன வருடம் போனில் பதிந்ததையும் கொண்டுவரச் சொன்னார், அவர் இன்னும் அதைக் கேட்கவில்லையாம்.

சனிக்கிழமை பின்னேரம் ஒத்திகை. நாலு மணிக்குள் வாருங்கள். மழை பெய்தால் களரியில் நடக்காது, எங்கள் வீட்டு முற்றத்துப் பந்தலுக்குள்தான். அங்கே தகரக் கூரை, மழைச் சத்தம் பதிவுக்கு விழும். அதற்கு என்ன செய்யலாம் என்று காரைதீவு ஐயாவிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.